ஈவில கடலோரமா ஒரு டிரிப்: கிழக்கா, மேற்கா?

நம்ம சிங்கப்பூர்ல ஈவி, அதாவது எலக்ட்ரிக் கார், வாங்கினவங்ககிட்ட மலேசியா டிரிப் பத்தி பேச்செடுத்தா பாதி பேர் ஒரே மாதிரிதான் சொல்றாங்க, மலாக்கா போ, பினாங்கு வரைக்கும்கூட போ, கிழக்குக் கரை மட்டும் வேணாம், அங்க சார்ஜர் கம்மின்னு. கம்மிங்கிறது உண்மைதான். ஆனா அத மட்டும் வெச்சு ரூட்ட முடிவு பண்ணா கடல் பாக்கக் கிளம்பிட்டு ஹைவே பாத்துட்டு திரும்பி வருவோம், அதனாலதான் ரெண்டு பக்கத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு பாக்கலாம்னு இத எழுதுறேன்.

மேற்குலருந்து ஆரம்பிப்போம். மலேசியாவுக்கு போற துவாஸ் செகண்ட் லிங்க் பாலத்த தாண்டி வடக்க போற பிளஸ் ஹைவே ஏறிட்டா சார்ஜ் பத்தி பெரிய கவலை இல்ல, தங்காக், ஆயர் குரோ பக்கமெல்லாம் பெட்ரோல் ஸ்டேஷன்லயும் ஹைவே ஓரம் வண்டி நிறுத்தி இளைப்பாறுற ஆர் அண்ட் ஆர்லயும் டிசி சார்ஜர், அதாவது வேகமா ஏத்துற சார்ஜர், இருக்கு, சிலது 180 கிலோவாட் வரைக்கும் தள்ளும். நம்ம கார்ல இருக்கிற அதே சிசிஎஸ்2 பிளக்தான் அங்கயும், அடாப்டர் எதுவும் வேணாம். மலாக்கா 230, 240 கிலோமீட்டர், குடும்பத்தோட டீ குடிச்சிட்டு போற தூரம். வீட்டுப் பெரியவங்க கூட வந்தா மலாக்காவ அடிச்சிக்க முடியாது. 1781ல கட்டின பொய்யாத விநாயகர் கோயில் அங்கதான் இருக்கு, பல தலைமுறைக்கு முன்னாடியே அங்க குடியேறின தமிழ் வம்சமான மலாக்கா செட்டிகளோட கோயில், அதே தெருவுல பள்ளிவாசலும் சீனக் கோயிலும், நடந்தே பாத்துடலாம்.

ஆனா கடல்? அங்கதான் மேற்கு அடிவாங்குது. ஹைவே முழுக்க உள்நாட்டுல போகுது, பாலத்துல ஏறும்போது ஆறு தெரியும், கடல் தெரியாது. கடல் வேணும்னா ஹைவேய விட்டுட்டு பழைய ரூட் 5ஐ புடிக்கணும், பொந்தியான், பத்து பகாட், மூவார்னு போகும், அதுலயும் பாதி தூரம் தென்னையும் எண்ணெய்ப்பனையும்தான். மூவார்ல இலையில சுட்ட மீன் ஓட்டாக்-ஓட்டாக் சாப்பிடலாம், மீ பண்டுங் நூடுல்ஸ் சாப்பிடலாம், அது சந்தோஷம்தான். தண்ணி கலங்கலா இருக்கிறதுக்கு காரணம் மலாக்கா நீரிணை, எதிர்ல சுமத்ரா மறைச்சு நிக்குது, பெரிய அலை வராது, ஆத்து சேறு அப்படியே கரையில படிஞ்சு மாங்குரோவ் காடாயிடும். பேர் போன மணல் பீச்னா பொர்ட் டிக்சன் வரைக்கும் போகணும்.

இப்ப கிழக்கு. தென்சீனக் கடல் நேரா வந்து மோதுற கரை, பருவமழைக் காத்து வருஷா வருஷம் அலையத் தள்ளித் தள்ளி சேத்த எல்லாம் அடிச்சிட்டு போயி மணல மட்டும் விட்டு வெச்சிருக்கு. ரூட் 3ல கோத்தா திங்கிலருந்து மெர்சிங் வரைக்கும் ஒண்ணும் தெரியாது, காடும் தோட்டமும்தான், யானை குறுக்க வரும்னு போர்டு இருக்கும், அந்த போர்டு சும்மா வெக்கல, அதனால அந்தத் துண்ட பகல்லயே தாண்டிடுங்க. எண்டாவ் பாலத்துல ஏறினா ஜொகூர் முடிஞ்சு பகாங் ஆரம்பம், கீழ மீன்பிடி படகு வரிசையா கட்டியிருக்கும். ரொம்பின், நெனாசி, பெக்கான்னு போயி குவாந்தான். உண்மையான விருந்து குவாந்தான் தாண்டித்தான், செராத்திங்லருந்து திரங்கானு உள்ள போனதும் கிஜால், கெமாசிக், டுங்குன், மாராங்னு ரோடு கடலோட ஒட்டிக்கிட்டே போகும், கெமாசிக்ல கரையில கருப்புப் பாறை, சில இடத்துல ஜன்னல இறக்கினா உப்புக்காத்து மூஞ்சில அடிக்கும், வண்டில எஞ்சின் சத்தமே இல்லாததால அலைச்சத்தமும் உள்ள வரும். ஈவி வெச்சிருக்கிறவங்க இந்த ரோட்ட ஒருதரமாவது ஓட்டிப் பாக்கணும்னு நான் மனசார சொல்றேன்.

சரி, சார்ஜ்? பயப்படுறவங்க விட்டுடுற கணக்கு ஒண்ணு இருக்கு. 60 யூனிட் பேட்டரி, நடுத்தர எஸ்யூவின்னு வெச்சுக்குவோம். ஹைவேல 110ல போனா 100 கிலோமீட்டருக்கு 17, 18 யூனிட் தின்னும். காத்தோட எதிர்ப்பு வேகத்தோட வர்க்கத்துல ஏறும், வேகம் கொஞ்சம் கூடினாலே செலவு நிறைய கூடும். ரூட் 3ல லிமிட் 90, நடுவுல கிராமம், பள்ளிக்கூடம், லாரின்னு வரும்போது சராசரி 70க்கு வந்துடும், மீட்டர்ல 14க்கு பக்கத்துல நிக்கும். 100 பர்சன்ட்ல கிளம்பி 15 பர்சன்ட் மிச்சம் வெச்சா ஹைவேல 280, 290 கிலோமீட்டர்தான், கடலோர ரோட்ல 360 வரைக்கும் வரும். அதாவது மெதுவான ரோடே பாதி சார்ஜரோட வேலைய பாத்துடுது. உட்லண்ட்ஸ்லருந்து குவாந்தான் சுமார் 330, கணக்குல வந்துடும், ஆனா மழை, ஏசி, நாலு பேரு, லக்கேஜ்னு இருக்கும்போது அந்த ஓரத்துல போயி நிக்காதீங்க, கோத்தா திங்கிலயோ மெர்சிங்லயோ சார்ஜர் காலியா இருந்தா சாப்பிடுற நேரத்துல கொஞ்சம் போட்டுக்குங்க. மெர்சிங்குக்கும் குவாந்தானுக்கும் நடுவுல 190 கிலோமீட்டர் இருக்கு, அங்கதான் சார்ஜர் அரிது, மெர்சிங்க தாண்டும்போது 75 பர்சன்டுக்கு மேல இருந்தா நிம்மதியா போலாம். குவாந்தான் பெரிய ஊரு, டிசி கிடைக்கும், ஆனா 80 பர்சன்டுக்கு மேல வேகம் விழுந்துடும், அங்க உக்காந்து நூறாக்கணும்னு நேரத்த வீணாக்காதீங்க.

கிழக்குக்குன்னு ஒரு வழி இருக்கு, தூங்குற இடத்துலயே சார்ஜ் பண்றது. ஹோட்டல புக் பண்றதுக்கு முன்னாடி போன் போட்டு சார்ஜர் இருக்கா, எத்தன கிலோவாட், கெஸ்டுக்கு மட்டுமான்னு கேளுங்க. இல்லன்னாலும் நம்ம மூணு பின் பிளக்தான் மலேசியாவிலயும், போர்ட்டபிள் சார்ஜர ராத்திரி பத்து மணி நேரம் மாட்டினா 20 யூனிட் பக்கம் ஏறும், கடலோர ரோட்ல 130, 140 கிலோமீட்டருக்கு போதும். ஓனர்கிட்ட கேட்டுட்டு, காசும் பேசிட்டு மாட்டுங்க. பழைய கிராமத்து வீட்டுல வயரிங் எப்படின்னு தெரியாது, எக்ஸ்டென்ஷன் வயர்ல போடவே போடாதீங்க, கார் செட்டிங்ல ஆம்பியர கொறச்சிட்டு ஒரு மணி நேரம் கழிச்சு பிளக் சூடாகுதான்னு தொட்டுப் பாருங்க. டைப் 2 கேபிளும் கண்டிப்பா எடுத்துக்குங்க, அங்க ஏசி சார்ஜர், அதாவது மெதுவா ஏத்துற சார்ஜர், நிறைய எடத்துல வெறும் சாக்கெட்டா மட்டும்தான் இருக்கும். ஆப் எல்லாம் இங்க வீட்லயே டவுன்லோட் பண்ணி கார்டு சேத்து வெச்சிடுங்க, லைன் விட்டு விட்டு வர்ற எடத்துல ஓடிபிக்கு காத்துட்டு நிக்கிற கொடுமை வேணாம்.

கிழக்குக்கு எதிரா உண்மையான வாதம் ஒண்ணே ஒண்ணுதான், மாசம். நவம்பர்லருந்து மார்ச் ஆரம்பம் வரைக்கும் வடகிழக்குப் பருவமழை, வெள்ளம் வந்தா ரோடே மூழ்கும், 2014 டிசம்பர்ல வந்தது நிறைய பேருக்கு ஞாபகம் இருக்கும். நம்ம பிள்ளைங்களோட பெரிய லீவு சரியா அந்த நேரத்துலதான் வருது. அதனால வருஷக் கடைசி லீவுன்னா மேற்கு, அதுல யோசிக்கவே வேணாம். ஜூன் லீவு, செப்டம்பர் லீவுன்னா கண்ண மூடிட்டு கிழக்கு. மார்ச் லீவுக்கு வானிலை பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

ரெண்டுக்கும் பொதுவா, வெளிநாட்டு வண்டிக்கான மலேசிய நுழைவு அனுமதி விஇபி டேக் இல்லாம போகாதீங்க, 2025 ஜூலை 1லருந்து டேக் இல்லாம புடிபட்டா 300 ரிங்கிட் அபராதம், ஈவின்னு சலுகை கிடையாது. சிங்கப்பூர விட்டு போகும்போது முக்கால் டேங்க் பெட்ரோல் இருக்கணுங்கிற சட்டம் மட்டும் நமக்கு இல்ல, ஆனாலும் எச்டிபி அடுக்குமாடி கார்பார்க்ல ராத்திரியே நூறாக்கிட்டு கிளம்புங்க. எல்லையில இருக்கிற உட்லண்ட்ஸ் காஸ்வே ஜாம்ல பேட்டரி காலியாயிடும்னு கவலைப்படாதீங்க, நிக்கிற வண்டில ஏசிதான் தின்னுது, ரெண்டு மணி நேரத்துக்கு ரெண்டு மூணு யூனிட்தான்.

முதல் தடவ எல்லை தாண்டுறவங்களுக்கு தேசாரு இருக்கு. அதே தென்சீனக் கடல், செனாய் தேசாரு ஹைவே புடிச்சா ஒரு பக்கம் சுமார் 100 கிலோமீட்டர், வழியில சார்ஜ் போடாமயே போயிட்டு வந்துடலாம். ரெண்டு நாள் அங்க இருந்து பாருங்க, உங்க வண்டி உண்மையில எவ்ளோ தின்னுதுன்னு உங்களுக்கே தெரியும், அந்த நம்பர எழுதி வெச்சிக்கிட்டு ஜூனுக்கு குவாந்தான்ல ரூம் புக் பண்ணுங்க.