சின்னவனுக்கு வாங்கியதும் வாங்காமல் விட்டதும்: 14 மாத அனுபவம்

பெரியவள் பிறந்தபோது லிஸ்ட் போட்டு லாங் பஜாரில் பாதி, ஆன்லைனில் பாதி என்று வாங்கிக் குவித்தோம். அவளுக்கு ஒரு வயது ஆவதற்குள் அதில் முக்கால்வாசி பரண் ஏறிவிட்டது. சின்னவன் போன வருடம் ஏப்ரல் கடைசியில் பிறந்தான், அக்னி நட்சத்திரம் தொடங்க ஒரு வாரம்கூட இல்லை. வேலூர் வெயிலைப் பற்றி இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இப்போது அவனுக்கு 14 மாதம் முடிந்துவிட்டது, எது உழைத்தது, எது சும்மா கிடந்தது என்று நன்றாகத் தெரிந்துவிட்டது. இரண்டாவது குழந்தைக்கு எதை வாங்குவது என்பதற்கு நான் வைத்திருக்கும் கணக்கு ஒன்றுதான். இந்தச் சாமான் இருந்தால் பெரியவளைப் பிடித்துக்கொள்ள எனக்கு ஒரு கை மிச்சம் இருக்குமா? மிச்சம் இருந்தால் வாங்கலாம், இல்லாவிட்டால் வேண்டாம்.

முதலில் துணி. பெரியவளுக்கு வாங்கிய ரெடிமேட் நாப்பி எல்லாம் நாடா அறுந்து, துணி மொரமொரவென்று ஆகியிருந்தது. எங்கள் சத்துவாச்சாரி வீட்டில் காவிரித் தண்ணீர் தினமும் வராது, மற்ற நாட்களில் போர் தண்ணீர்தான், நல்ல உப்பு. அதில் துவைத்து மே மாத வெயிலில் காயப்போட்டால் ஒரு மணி நேரத்தில் அப்பளம் மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கும், அதைக் கொண்டுபோய் பிறந்த குழந்தையின் தொடையில் கட்டினால் சிவக்காமல் என்ன செய்யும்? என் மாமியாருக்குக் குடியாத்தம். அவர் பையைத் திறந்து மாமனாரின் பழைய லுங்கிகளை எடுத்தார், குடியாத்தம் தறி லுங்கி, பத்து வருடம் கட்டிக் கட்டி வெண்ணெய் போல ஆகியிருந்தது. "இன்னாத்துக்கும்மா காசு குடுத்து வாங்கற? இத்தப் பாரு" என்று நான்கு லுங்கியைக் கிழித்து, ஓரம் மடித்துத் தைத்து, 32 துண்டு போட்டுக் கொடுத்தார். 14 மாதத்தில் இரண்டு துண்டுதான் வீணானது. போர் தண்ணீரில் துவைத்தாலும் கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணீர் ஒரு வாளி ஒதுக்கி வைத்தோம், அப்புறம் துணியை நிழலில் உலர்த்திக் கையால் கசக்கிவிட்டால் மறுபடியும் மெத்தென்று ஆகிவிடும்.

துணி கட்டியதில் நான் எதிர்பார்க்காத இன்னொரு லாபம் இருந்தது. மே மாதம் முழுக்க வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் "நாக்கு வறண்டு போயிடும்மா, ஒரு பாலாடை தண்ணி குடு" என்றுதான் சொன்னார்கள். முதல் 6 மாதம் தாய்ப்பாலைத் தவிர எதுவும் கூடாது, எவ்வளவு வெயில் அடித்தாலும் தண்ணீர்கூட வேண்டாம், தாய்ப்பாலிலேயே தேவையான தண்ணீர் இருக்கிறது என்பதுதான் டாக்டர்கள் சொல்வதும் உலக சுகாதார நிறுவனம் சொல்வதும். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து பெரியவர்கள் சொல்லும்போது மனசு ஆடும். பால் போதுகிறதா என்று பார்க்க டாக்டர் ஒரு வழி சொன்னார்: முதல் வாரம் தாண்டிய பிறகு ஒரு நாளைக்கு 6 தடவைக்குக் குறையாமல் சிறுநீர் போனால் கவலை இல்லை. டயப்பரில் அதை எண்ணுவது கஷ்டம். கொடியில் தொங்கும் துணியை எண்ணிக் காட்டினேன், ஒரே நாளில் 11. அதற்கப்புறம் மாமியாரே வருகிறவர்களிடம் கொடியைக் காட்டிப் பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

இரவுக்கும் ஆஸ்பத்திரி போகும்போதும் டயப்பர்தான், அதில் எனக்கு எந்தக் குற்ற உணர்ச்சியும் இல்லை. தொப்புள்கொடி விழும்வரை ஒட்டும் டேப் வைத்ததுதான் வசதி, மேல் ஓரத்தைத் தொப்புளுக்குக் கீழே மடித்துவிடலாம். அவன் பிறந்தபோது 2 கிலோ 900 கிராம், ஐந்து வாரத்தில் பிறந்த குழந்தை சைஸ் இறுக்கமாகிவிட்டது. அதனால் தள்ளுபடி என்று அந்தச் சைஸில் பெரிய பாக்கெட் வாங்கி வைக்காதீர்கள். சட்டைகளும் அப்படியே, பெரியவளுடையதே போதும்.

தூளியைப் பற்றிக் கொஞ்சம் நிறையவே சொல்ல வேண்டும். என் பழைய சுங்குடிச் சேலையில் கட்டிய தூளியில் சின்னவன் மதியம் இரண்டு மணி நேரம் அசையாமல் தூங்குவான், அந்த நேரத்தில்தான் பெரியவளுக்குச் சோறு ஊட்டி, தலை வாரி, அவளோடு உட்கார முடிந்தது. அந்த வகையில் எனக்கு ஒரு கை இல்லை, இரண்டு கையுமே கிடைத்தது. கொக்கியும் ஸ்பிரிங்கும் புதிதாக வாங்கினோம், பழைய ஸ்பிரிங்கை நம்பவில்லை. ஆனால் அவனுக்கு மூன்று மாதம் இருக்கும்போது ஒரு நாள் அவனைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய் திரும்பி வருவதற்குள், பெரியவள் காலியான தூளியில் ஏறிச் சுற்றிக்கொண்டிருந்தாள். சேலை கயிறாக முறுக்கி அவள் தோளுக்கு மேலே ஏறியிருந்தது, அவள் சிரித்துக்கொண்டிருந்தாள், எனக்குக் கை கால் நடுங்கியது. இன்னும் இரண்டு சுற்று சுற்றியிருந்தால் கழுத்து. அன்றிலிருந்து குழந்தையை எடுத்ததும் தூளியைச் சுருட்டிக் கொக்கிக்கு மேலே போட்டுவிடுவோம், ஒரு நிமிடம்கூடத் தொங்கவிடுவதில்லை. மூன்று நாலு வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில் தூளி கட்டுகிறவர்கள் தயவுசெய்து இதை மட்டும் செய்யுங்கள். இரவில் தூளி கிடையாது, தலையணை இல்லாமல் கெட்டியான சமப் படுக்கையில் மல்லாக்கப் படுக்கவைப்போம்.

தலையணை என்றதும் கடுகுத் தலையணை ஞாபகம் வருகிறது. பெரியவளுக்கு வாங்கியது அப்படியே இருந்தது, தலை உருண்டையாக வரும் என்று சொல்லித்தான் எல்லோரும் வாங்குகிறோம். இந்த முறை டாக்டர் ஒரு வயது வரை எந்தத் தலையணையும் வேண்டாம், மூச்சுக்கு ஆபத்து என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். பவுடரும் அப்படித்தான், தூள் மூச்சில் போகும், வேர்க்குருவுக்கும் அது மருந்து இல்லை. மெல்லிய பருத்தி, ஃபேன், வியர்த்தால் ஈரத்துணியால் துடைத்து விடுவது, இதிலேயே வேர்க்குரு அடங்கியது. கிரைப் வாட்டர் இந்த முறை வீட்டுக்குள்ளேயே வரவில்லை. சாம்பிராணிப் புகை பற்றி மாமியாருக்கும் எனக்கும் ஒரு வாரம் பேச்சு ஓடியது, கடைசியில் பூஜை அறையோடு நிறுத்திக்கொண்டார். மை கண்ணுக்கு வேண்டாம், உள்ளங்காலில் ஒரு பொட்டு என்று ஒத்துக்கொண்டார், அதற்கு நான் இன்றைக்கும் அவருக்கு நன்றி சொல்கிறேன்.

குடை மாதிரி விரியும் கொசுவலை, பெரியவளுடையது, ஒரு கம்பி மட்டும் வளைந்திருந்தது. இதை ராத்திரிக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். டெங்கு பரப்பும் கொசு பகலில்தான் கடிக்கும், பகல் தூக்கத்துக்கும் வலை வேண்டும். டிஜிட்டல் தெர்மாமீட்டரும் பழையதுதான், பேட்டரி மட்டும் மாற்றினேன். 6 வாரத் தடுப்பூசி போட்ட அன்று ராத்திரி உடம்பு சுட்டது, தொட்டுப் பார்த்து பயந்துகொண்டிருக்காமல் வைத்துப் பார்த்தால் 100.6. மூன்று மாதத்துக்குள் 100.4 வந்தாலே டாக்டரிடம் பேச வேண்டும், ஊசிக் காய்ச்சல்தானே என்று நாமாக முடிவு செய்யக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். உடனே போன் செய்தோம், எடைக்குத் தகுந்த அளவு சொட்டு மருந்து சொன்னார்கள், காலையில் தணிந்துவிட்டது.

எல்லாவற்றிலும் அதிகம் உழைத்தது ஒரு பிளாஸ்டிக் கூடை. அதை வாங்கிய கதை இது. அவனுக்கு ஒரு மாதம் இருக்கும், யாரோ ஆற்காட்டிலிருந்து மக்கன் பேடா வாங்கி வந்திருந்தார்கள். நான் குளித்துவிட்டு வருகிறேன், பெரியவள் கட்டில் ஓரத்தில் நின்று பேடாவில் ஒரு துண்டு கிள்ளி, பாகு ஒழுக ஒழுகத் தம்பியின் உதட்டில் வைத்துக்கொண்டிருக்கிறாள். "தம்பி அழுதாம்மா, அதான்." அதற்குள்ளே முந்திரி, பாதாம் எல்லாம் இருக்கும். உதட்டோடு தடுத்துவிட்டேன், உள்ளே எதுவும் போகவில்லை. திட்டத்தான் வாய் வந்தது, ஆனால் அவள் மேல் என்ன தப்பு? பிறந்த அன்றைக்கு சேனை வைக்கச் சர்க்கரைத் தண்ணீரோடு ஒரு பெரியம்மா நின்றதையும், நான் வேண்டாம் என்றதையும் அவள் பார்த்துக்கொண்டுதானே இருந்தாள். சர்க்கரைத் தண்ணீரும் கூடாது, தேன் ஒரு வயது வரை தொடவே கூடாது என்று பெரியவர்களுக்கே விளக்க வேண்டியிருக்கும்போது மூன்றரை வயதுக் குழந்தைக்கு என்ன தெரியும்? தம்பிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று அவளுக்கு ஆசை, செய்ய ஒன்றும் கொடுக்காமல் "தொடாதே, தள்ளு" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது நான்தான்.

அன்று சாயந்திரமே அவளைக் கூட்டிக்கொண்டு போய் அவள் கையால் ஒரு மஞ்சள் கூடை எடுக்கச் சொன்னேன். தரையில், அவள் கைக்கு எட்டும் இடத்தில் வைத்து, மடித்த லுங்கித் துண்டு, சின்ன டவல், கிலுகிலுப்பை மட்டும் போட்டோம். எண்ணெய், மருந்து, நகவெட்டி எல்லாம் மேல் அலமாரிக்குப் போனது. தம்பி ஈரமாக்கினால் துணி எடுத்துத் தருவது அக்காவின் வேலை. முதல் வாரம் ஒரு துணி கேட்டால் ஐந்து கொண்டுவருவாள், பரவாயில்லை. பத்து நாளில் நான் கேட்பதற்கு முன்னாலேயே காலைத் தொட்டுப் பார்த்து "ஈரம்" என்று ஓடினாள்.

26 வாரப் பேறுகால விடுப்பு இரண்டாவது குழந்தைக்கும் உண்டு, அக்டோபரில் ராணிப்பேட்டைக்கு வேலைக்குத் திரும்பினேன். தாய்ப்பால் எடுக்கும் பழைய கை பம்பின் ரப்பர் வெடித்திருந்தது. இந்த முறை பேட்டரி பம்ப் வாங்கினேன், 14 மாதத்தில் அதிகம் செலவழித்தது இதற்குத்தான், கொடுத்த காசு வீணில்லை. எடுத்த பால் 25 டிகிரி அளவில் 4 மணி நேரம் தாங்கும் என்கிறார்கள், நம் ஊரில் அந்த 25 டிகிரியை எங்கே தேடுவது, எடுத்ததும் ஐஸ் பை, வீட்டுக்கு வந்ததும் ஃபிரிட்ஜ். மாமியார் பாலாடையில் கொடுத்தே பழக்கினார், பாட்டில் வாங்கவே இல்லை, கழுவிக் கொதிக்கவைக்கும் வேலையில் பாதி போச்சு. மார்போடு கட்டும் கேரியர் மட்டும் சுமார்தான். காலை எட்டு மணிக்குப் பெரியவளைக் கைப்பிடித்து ஸ்கூல் வேனில் ஏற்றும்வரை நன்றாக இருக்கும், பத்து மணிக்கு மேல் இரண்டு பேரும் நனைந்துவிடுவோம்.

இப்போது குடியாத்தத்தில் நாத்தனாருக்கு எட்டாவது மாதம், அவளுக்கும் இது இரண்டாவது. 30 லுங்கித் துண்டு, தெர்மாமீட்டர் எல்லாம் பையில் கட்டிவிட்டேன். கொசுவலை வைக்கவில்லை, அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம் என்பதால் அங்கே கொடுக்கும் 16 பொருட்கள் கொண்ட பெட்டகத்திலேயே வலை இருக்கும். ஸ்பிரிங் கொடுக்க மாட்டேன், புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். கூடையைப் பெரியவள் தர மறுத்துவிட்டாள். நாத்தனார் மகனுக்கு இரண்டரை வயது, ஞாயிற்றுக்கிழமை போகும்போது அவனையே கடைக்குக் கூட்டிப்போய் எடுக்கச் சொல்லலாம் என்று இருக்கிறேன்.