ஹார்மோன் ஊசிக்காரர்களுக்கு ஏற்ற ஜிம்தான், ஆனால் அங்கே டப்பா விற்கிற கவுண்டர் பக்கம் போகாதீர்கள்

களியக்காவிளையிலிருந்து பாறசாலை போகிற ரோட்டில், இஞ்சிவிளை பக்கம் ஒரு டயர் கடைக்கு மாடியில் இருக்கிற ஜிம்மைப் பற்றி எழுதுகிறேன். பெயர் போடவில்லை, ஏன் என்று கீழே படித்தால் புரியும். ஐந்துக்கு மூன்றரை. நாலரை கொடுக்க வேண்டிய இடம், ஒரு மார்க் முழுசாக கவுண்டரில் போய்விட்டது.

மற்றவர்கள் ஜிம்மில் பார்ப்பது வேறு, நான் பார்ப்பது வேறு. எனக்கு வயது 66, புராஸ்டேட் புற்றுநோய்க்கு மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி ஓடுகிறது. உடம்பில் டெஸ்டோஸ்டிரோன் என்கிற ஆண் ஹார்மோன் சுரப்பதை அடக்குவதுதான் அந்த ஊசியின் வேலை, ஏனென்றால் இந்தப் புற்றுநோய் வளர்வது அதை நம்பித்தான். சார்லஸ் ஹக்கின்ஸ் என்கிற டாக்டர் 1941-லேயே இதைக் காட்டினார், 1966-ல் நோபல் பரிசும் வாங்கினார். நோய்க்கு அது சரி. ஆனால் தசையும் எலும்பும் கூட அதே ஹார்மோனை நம்பித்தானே இருக்கின்றன? தொடை மெலிகிறது, வயிறு முன்னால் வருகிறது, சர்க்கரை ஏறப் பார்க்கிறது, எலும்பு தேய்கிறது, மத்தியானம் ஆனால் எழுந்து போய் கேட்டைச் சாத்தக்கூட மனசு வராத ஒரு சோர்வு. திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறுகிற நம்ம பக்கத்து ஆட்களுக்கு இதெல்லாம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நடந்தால் போதாதா என்று நானும் டாக்டரிடம் கேட்டேன். நடை இதயத்துக்கும் எடைக்கும் நல்லது, வாரத்துக்கு 150 நிமிஷம் நடங்கள், ஆனால் போன தசையைத் திரும்பக் கொண்டுவர பாரம் தூக்கித்தான் ஆக வேண்டும் என்றார். அப்புறம் தேடிப் படித்தேன். ஆஸ்திரேலியாவில் பெர்த் ஊரில் இந்தச் சிகிச்சையில் இருந்த 57 பேரை வைத்து ஒரு ஆய்வு, 2010-ல் வெளியானது. பாதிப் பேருக்கு 12 வாரம் எடைப் பயிற்சியும் நடை, சைக்கிள் மாதிரியான பயிற்சியும் கொடுத்திருக்கிறார்கள், சும்மா இருந்தவர்களை விட இவர்களுக்குத் தசையும் பலமும் கூடியிருக்கிறது. ஊசி ஓடிக்கொண்டிருக்கும்போதே கூடியிருக்கிறது என்பதுதான் எனக்குத் தெம்பு கொடுத்தது.

சரி, ஜிம்முக்கு வருவோம். இதற்கு முன் பார்த்த ஒரு ஏசி ஜிம்மில் வயதைக் கேட்டதும் டிரெட்மில்லில் ஏற்றிவிட்டு போனைப் பார்க்கப் போய்விட்டான் ஒரு பையன். இங்கே இருக்கிற மாஸ்டர் பாறசாலைக்காரர், பேச்சு பாதி மலையாளம் பாதி தமிழ். நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் டம்பெல்லைத் தொடவே விடவில்லை. "சாரே, எலும்புல பரவியிருக்கா, என்ன தூக்கலாம், என்ன தூக்கக் கூடாதுன்னு டாக்டர்ட்ட எழுதி வாங்கிட்டு வாங்க, பின்ன தொடங்கலாம்" என்றார். இந்த ஒரு வார்த்தைக்கே மூன்று மார்க் கொடுக்கலாம். எலும்பில் பரவியிருந்தால் அந்த இடத்துக்குப் பாரம் கொடுப்பது ஆபத்து, அதை நாம் கேட்காமலே ஒரு ஊர் ஜிம்மில் சொல்கிறார்கள் என்றால் பெரிய விஷயம். அவருடைய மாமாவும் இதே ஊசிக்காரராம், அதனால்தான் தெரிந்திருக்கிறது.

பயிற்சி அலட்டல் இல்லாதது. நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது, லெக் பிரஸ், உட்கார்ந்தபடி கேபிளை நெஞ்சுக்கு இழுப்பது, சின்ன டம்பெல். எட்டு முதல் பன்னிரண்டு தடவை, மூச்சை அடக்கக் கூடாது. எலும்பு எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்று பார்க்கிற டெக்ஸா ஸ்கேனில் முதுகெலும்பு கொஞ்சம் மெலிந்திருந்ததால் குனிந்து திரும்பித் தூக்குகிற எதையும் தர மாட்டார். திங்கள், புதன், சனி இங்கே, மற்ற நாள் நடை. இப்போது அரிசிச் சாக்கை நகர்த்த மகனைக் கூப்பிடுவதில்லை.

குறை என்றால் கூரை. தகர ஷீட். எட்டு மணிக்கு மேல் அடுப்பு. நமக்கோ இந்த ஊசியால் சும்மா இருந்தாலே நெஞ்சிலிருந்து ஒரு சூடு கிளம்பி கழுத்து, காது என்று ஏறி, சட்டை நனைந்து, கொஞ்ச நேரத்தில் குளிர் எடுக்கும். ஒருநாள் லெக் பிரஸ்ஸில் படுத்திருக்கும்போது வந்தது. பக்கத்தில் இருந்த பையன்கள் பயந்து தண்ணீர் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். மாஸ்டர் ஒன்றும் கேட்காமல் ஸ்டாண்ட் பேனை என் பக்கம் திருப்பி வைத்தார், அன்றிலிருந்து அது அங்கேயேதான் நிற்கிறது. காலை ஆறு மணி பேட்ச்சில் சேருங்கள். இன்னொன்று, வருவதற்கு முன் கொதிக்கக் கொதிக்க சாயா குடிக்காதீர்கள், எனக்கு அது சூட்டைக் கிளப்புகிறது.

இனி கவுண்டர். அங்கே உட்காருவது மாஸ்டர் இல்லை, ஓனர் வீட்டுப் பையன். பெரிய பெரிய டப்பா அடுக்கி வைத்திருக்கிறான். தசை வேண்டும் என்றால் இதை எடுங்கள் சாரே என்று ஒரு பாட்டிலை நீட்டினான். டெஸ்டோஸ்டிரோன் பூஸ்டர்! லேபிளில் அஸ்வகந்தா, வெந்தயச் சாறு, நெருஞ்சில். எதை அடக்க மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பணம் கட்டி ஊசி குத்திக்கொள்கிறேனோ, அதையே கூட்டுவதாகச் சொல்லி விற்கிற சாமான். அது சொன்னபடி கூட்டுமோ கூட்டாதோ, நம்ம ஆள் எவரும் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது. "எல்லாம் நேச்சுரல்தான் சாரே" என்று சிரிக்கிறான். ஓனரிடம் சொன்னேன், வயதானவர்களிடமாவது என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு விற்கலாமே என்று. தலையை ஆட்டினார், பாட்டில் இன்னும் அதே இடத்தில். மாஸ்டருக்கும் இதில் வருத்தம்தான், சம்பளக்காரர் என்ன செய்வார்.

டயட் சார்ட் என்று ஒரு ஜெராக்ஸ் தருவார்கள். இருபது வயசுப் பையனுக்கு எழுதியது, முட்டை வெள்ளையாகக் கொட்டிக் கிடக்கும். மடித்துப் பையில் வைத்துவிட்டேன். என் வீட்டில் மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) அளவு குறைந்து தட்டில் சாளை (மத்தி மீன்) கூடியிருக்கிறது, அவ்வளவுதான். தேங்காப்பட்டணத்து சாளையை முள் மெத்தென்று ஆகிற வரை வேகவைத்து முள்ளோடு தின்றால் புரதமும் கால்சியமும் ஒரே சட்டியில். எனக்கு டாக்டர் சொன்ன கணக்கு, சாப்பாட்டையும் சேர்த்து ஒரு நாளைக்கு 1000 முதல் 1200 மில்லிகிராம் கால்சியம். காலையில் கேழ்வரகுக் கூழ், ராத்திரி ஒரு டம்ளர் பால், மிச்சத்துக்கு மாத்திரை. கருவாடு உப்புக்காகக் குறைந்தது, அதில்தான் எனக்கும் வீட்டுக்காரிக்கும் இன்னும் பேச்சு முடியவில்லை.

மாதம் 800 ரூபாய், அறுபது தாண்டியவர்களுக்கு 600, கேட்டால்தான் குறைப்பார்கள். கழிப்பறை கீழே, கடைக்குப் பின்னால். நமக்கு அடிக்கடி போக வேண்டியிருக்கும் என்பதால் சாவியை முதலிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். படி செங்குத்து, கைப்பிடி உண்டு. வண்டியை டயர் கடை வாசலில் விடலாம், ஒன்பதுக்குக் கடை திறக்கும் முன் எடுத்துவிட வேண்டும்.