பாம்படமும் தராசும்: பழைய நகைத் தொழிலின் மூன்று வழிகள்

திருநெல்வேலிச் சீமையில் பழைய நகைத் தொழிலில் இறங்க நினைப்பவருக்குப் பெரும்பாலும் மூன்று வழிகள் உண்டு. நகைக்கடை வைத்துப் பழையதை வாங்கிக்கொண்டு புதியதைக் கொடுக்கலாம். ரொக்க விலைக்கு வாங்கி, உருக்கிக் கட்டியாக விற்கலாம். அல்லது அடகுக் கடை நடத்தலாம். எதற்கு எவ்வளவு முதல் வேண்டும் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். மாற்றுப் பார்ப்பதில், அதாவது தங்கத்தின் தூய்மையைக் கணிப்பதில், பிழை நேர்ந்தால் அந்த இழப்பு யார் தலையில் விழும் என்பதையே அதற்கும் முன்பாகக் கேட்க வேண்டும் என்பேன்.

பாம்படத்தையே எடுத்துக்கொள்வோம். அம்பாசமுத்திரம், நாங்குநேரிப் பக்கத்து ஆச்சிமார் காதில் தொங்கிய பாம்படத்தையும் தண்டட்டியையும் இப்போது பேத்திமார் விற்க எடுத்து வருகிறார்கள். வெளியே தங்கத் தகடு, உள்ளே அரக்கு என்பதால், தராசு காட்டும் எடை தங்கத்தின் எடை ஆகாது. மாற்றை அளக்கும் கருவியான கேரட் மீட்டரும் மேற்பரப்பின் மெல்லிய அடுக்கை மட்டுமே படிக்கிறது; முலாம் ஏறிய இடத்தில் மாற்றைக் கூட்டியும், பொடி வைத்துப் பற்றவைத்த இடத்தில் குறைத்தும் காட்டிவிடும். உரைகல்லும் பழகிய கையும் இன்றும் தேவைப்படுவது இதனால்தான். அவையும் மதிப்பீட்டைத்தான் தரும். உருக்கி எடுத்த கட்டியைச் சோதித்தால்தான் உறுதியான கணக்குக் கிடைக்கும்.

நகைக்கடைக்காரருக்கு இந்தப் பிழையைத் தாங்கும் இடம் இருக்கிறது. பழைய நகையில் ஒரு டச், அதாவது தூய்மையில் நூற்றில் ஒரு பங்கு, தவறினாலும், வாடிக்கையாளர் அதே நாளில் எடுத்துப் போகும் புதிய நகையின் சேதாரமும் செய்கூலியும் அதை ஈடுசெய்துவிடும். ஆனால் அந்த வசதிக்காக அவர் பல நூறு பவுனைக் கண்ணாடிப் பெட்டிக்குள் முடக்கி வைக்க வேண்டும். ஹால்மார்க் கட்டாயமான மாவட்டங்களில் 2023 ஏப்ரல் 1 முதல் ஆறு இலக்க அடையாள எண் இல்லாத நகையை விற்க முடியாது என்பதால், வாங்கிய பழைய நகையைத் தேய்த்து மெருகேற்றி அப்படியே அடுக்கில் வைக்கும் பழைய பழக்கமும் பெரும்பாலும் அடைபட்டுவிட்டது.

உருக்கி விற்பவரிடம் அந்த மெத்தை இல்லை. நூறு கிராமுக்கு ஒரு டச் தவறினால் ஒரு கிராம் பசும்பொன் போய்விடும். இந்தத் தொழிலின் லாப விளிம்பே அதையொட்டித்தான் நிற்கிறது. கேடிஎம் எனப்படும் காட்மியம் கலந்த பொடியால் பற்றவைத்த நகை என்றால் இன்னொரு கவலையும் உண்டு. தங்கம் உருக 1064 பாகை செல்சியஸ் வேண்டும். காட்மியமோ 767 பாகையிலேயே கொதித்து ஆவியாகிவிடுவதால், எடையும் குறையும், பட்டறையில் நிற்பவரின் நுரையீரலுக்கும் கேடு வரும். புகைபோக்கி இல்லாமல் இந்த வேலையை யாரும் தொடங்கவே கூடாது. இத்தனைக்கும் பிறகும் நகையை விற்க வருபவருக்கு அதிக நியாயம் செய்வது இந்த வழிதான் என்று நினைக்கிறேன். அவர் கண்முன்னே உருக்கி, கட்டியின் எடையையும் டச்சையும் காட்டிப் பணம் கொடுக்கும்போது, "அழுக்குக்குக் கழிவு" என்று வாய்க்கு வந்த விழுக்காட்டைச் சொல்ல வேண்டியதே இல்லை.

வரிக் கணக்கிலும் வேறுபாடு உண்டு. வீட்டு நகையை விற்க வரும் தனிநபர் ஜிஎஸ்டி வசூலிப்பதில்லை. வாங்கிய நகையை வடிவம் மாற்றாமல் விற்பவர் லாப விளிம்புக்கு மட்டும் வரி கட்டும் முறையைத் தேர்ந்தெடுக்கலாம்; உருக்கிவிட்டால் அந்தச் சலுகை போய்விடும், கட்டியின் முழு விலைக்கும் 3 விழுக்காடு வசூலிக்க வேண்டும். பதிவு பெற்ற வணிகரிடம் விற்றால் அவர் அதை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்வார் என்பதால், இது பெரிய இடைஞ்சல் அன்று. பணம் கொடுக்கும் முறையில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரிக் கணக்கில் அது தொழிற்செலவாக ஏற்கப்படாது. விற்பவரும் இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறக் கூடாது. "ரொக்கத்துக்கு வாங்குகிறோம்" என்று பலகை எழுதினாலும், பணத்தை வங்கி வழியாகவே அனுப்ப வேண்டும். திருட்டு நகை என்று பின்னால் தெரியவந்தால், ஆதார் நகலோடும் நகையின் படத்தோடும் அந்த வங்கிப் பதிவுதான் நாம் நேர்மையாக வாங்கினோம் என்பதற்குச் சாட்சியாக நிற்கும்.

அடகுக் கடை வேறு இயல்புடையது. 1943-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடகுக் கடைச் சட்டப்படி உரிமம் வேண்டும்; நகை கடைசிவரை அடகு வைத்தவருக்கே சொந்தம், வருமானம் வட்டியிலிருந்து மட்டுமே. மாற்றுப் பார்க்கத் தெரியாதவருக்கு இது பாதுகாப்பானது என்ற எண்ணம் தவறு. அதிக மாற்று என்று நம்பிக் கூடுதலாகக் கடன் கொடுத்த நகைதான் மீட்கப்படாமல் தங்கிப்போகும்.

சிறிய முதலும், உரைகல்லில் தேர்ந்த ஒரு கையும் உள்ள குடும்பத்துக்கு உருக்கி விற்கும் வழியையே நான் சொல்வேன். காலையில் வாங்கியதை அன்று மாலைக்குள் கட்டியாக விற்றுவிட வேண்டும் என்பது அதற்கு நான் வைக்கும் நிபந்தனை. விலை ஏறும் என்று கட்டியைப் பெட்டியில் பூட்டிவைப்பவர் பழைய நகைத் தொழிலை விட்டு ஊக வணிகத்துக்குப் போய்விட்டார் என்றே கொள்ள வேண்டும்.