மிதித்தால்தான் வேலை செய்யும் பாஸ்

“பாஸ் வந்துடுச்சு” என்று வீட்டுக்கு வாட்ஸ்அப் அனுப்பினேன். “இந்த மாசத்து பஸ் பாஸா?” என்று பதில் வந்தது. தமிழில் எழுதினால் இதுதான் வம்பு. கண்டக்டரிடம் காட்டுவதும் பாஸ், பரீட்சையில் ஆவதும் பாஸ், லீவு கேட்டுப் போனால் முகத்தைச் சுளிப்பவரும் பாஸ். எனக்கு வந்தது ஆரஞ்சு நிறத்தில் ஒரு சின்ன உலோகப் பெட்டி. பாஸ் டிஎஸ்-1, கிட்டாருக்கான டிஸ்டார்ஷன் பெடல். காலால் மிதித்தால் கிட்டார் சத்தத்தைக் கரகரப்பாக்கும் கருவி. செகண்ட் ஹேண்டில் 3,500 ரூபாய்.

பகலில் எனக்குக் கோயம்புத்தூரில் பம்ப் கேசிங்கை லேத்தில் கடையும் வேலை. அங்கே இந்தச் சொல்லுக்கு இன்னொரு வேலையும் உண்டு. வார்ப்பில் போல்ட் ஏறும் இடம் வட்டமாகப் புடைத்து நிற்குமே, அதற்கும் பேர் பாஸ்தான். மரை பிடிக்கக் கனம் வேண்டும் என்று விடுவது. ஒருநாள் மோல்டு நகர்ந்து, அந்தப் புடைப்பு ஒருபக்கமாக ஒதுங்கி வந்துவிட்டது. துளை போட்டால் ஓரம் விட்டுவிடும். சூப்பர்வைசரிடம் ஓடி, “பாஸ், பாஸ் தள்ளிப்போச்சு” என்றேன். “நான் இங்கதானப்பா நிக்கிறேன்” என்றார்.

அப்புறம் தேடிப் பார்த்தால், ஆங்கிலத்திலேயே அவை இரண்டும் வேறு வேறு சொற்கள். மேலாளர் பாஸ், டச்சு மொழியின் ‘பாஸ்’ என்ற சொல் அமெரிக்கா வழியாக வந்தது. ‘மாஸ்டர்’ என்று கூப்பிடப் பிடிக்காத வேலையாட்களுக்கு அது வசதியாக இருந்திருக்கிறது. புடைப்பு பாஸ் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. கேடயத்தின் நடுவில் இருக்கும் குமிழுக்கும் அதே பேர்.

சரி, பெடலுக்கு வருவோம். ஜப்பானின் ரோலண்ட் கம்பெனியுடைய பிராண்டு இது. டிஎஸ்-1 வெளிவந்தது 1978இல், இன்றைக்கும் விற்கிறது. மூன்றே குமிழ்கள்: டோன் (சத்தத்தின் கூர்மை), லெவல் (சத்தத்தின் அளவு), டிஸ்ட் (கரகரப்பு). டிஸ்டைப் பாதிக்கு வைத்தால் நம் மெல்லிசைக் கச்சேரிக்குத் தாராளம். டோனைப் பாதிக்கு மேல் ஏற்றாதீர்கள். குளவி காதுக்குள் புகுந்த மாதிரி கீச்சிடும். இன்னொரு குறை, நடு ஸ்தாயி மெலிந்துவிடுகிறது. வீட்டில் தனியாக வாசிக்கும்போது பிரமாதமாக இருந்தது, மேடையில் டிரம்ஸும் கீபோர்டும் சேர்ந்ததும் காணாமல் போய்விட்டது. லெவலைக் கூட்டித்தான் மேலே கொண்டுவர வேண்டியிருந்தது.

கட்டுமானத்தில் மட்டும் குறை சொல்ல முடியாது. உலோகத்தோடு பிழைக்கிறவன் சொல்கிறேன், அந்த உடம்பு வார்ப்பு அவ்வளவு சுத்தம். மிதிக்கிற பலகை அகலமாக இருப்பதால் இருட்டிலும் கால் தவறாது. வேலை இடத்தில் பாஸ் நம்மை மிதிப்பார். இங்கே நாம் மிதித்தால்தான் பாஸ் வாயைத் திறக்கிறார். இந்த ஒரு சுகத்துக்கே 3,500 கொடுக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. கிட்டார் கேபிளை இன்புட்டில் செருகியே வைத்திருந்தால், பெடல் ஆஃபில் இருந்தாலும் 9 வோல்ட் பேட்டரி கரைந்துகொண்டே இருக்கும். இது தெரியாமல் ஒத்திகை முடிந்ததும் அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டேன். மறுநாள் கோயில் திருவிழா மேடையில், இரண்டாம் பாட்டிலேயே சிவப்பு விளக்கு மங்கி, சத்தம் இருமி, நின்றுவிட்டது. கீபோர்டு அண்ணன் திரும்பிப் பார்த்து, “என்ன பாஸ், பாஸ் பாஸாகலையா?” என்றார். மைக் ஆனில் இருந்தது.

மறுநாளே அடாப்டர் வாங்கிவிட்டேன். நீங்களும் பெடலோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள். 9 வோல்ட், பிளக்கின் நடுமுனை நெகட்டிவ் என்று பார்த்து வாங்க வேண்டும். ரவுட்டர் அடாப்டரைச் செருகிப் பார்க்கலாமா என்று என் தம்பி கேட்டான், வேண்டாம்.