குளிர்காலப் பறவைகள்: செய்தி கேட்டு ஓடுவதா, ஒரே குளத்தில் நிற்பதா?

குளிர்காலம் வந்தால் பறவை பார்ப்பவர்கள் இரண்டு கட்சியாகிவிடுகிறார்கள். எங்கோ ஓர் அபூர்வப் பறவை இறங்கியிருக்கிறது என்று கைபேசியில் செய்தி வந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவர்கள் ஒரு பக்கம். எது வந்தாலும் வராவிட்டாலும் வாரம் தவறாமல் ஒரே குளத்தங்கரைக்குப் போகிறவர்கள் இன்னொரு பக்கம். இரண்டையும் செய்து பார்த்தவன் என்ற முறையில் என் ஓட்டு குளத்துக்குத்தான். ஆனாலும் ஓடுகிறவர்கள் பக்கத்து நியாயம் சின்னதில்லை.

ஸ்டெல்லர் கடற்கழுகை எடுத்துக்கொள்ளுங்கள். இறக்கையை விரித்தால் இரண்டு மீட்டருக்கு மேல் இருக்கும். ரஷ்யாவின் கிழக்குக் கடலோரத்தில் கூடு கட்டி, குளிருக்கு ஜப்பான் பக்கம் இறங்குகிற பறவை. அதில் ஒன்று 2020-இல் அலாஸ்காவின் உட்பகுதியில் தென்பட்டது. 2021 மார்ச்சில் டெக்சாஸில் ஒரு கடற்கழுகு படமெடுக்கப்பட்டது. அதே பறவைதான் என்று கருதப்படுகிறது. அப்புறம் கனடாவின் கிழக்குப் பகுதி, டிசம்பரில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ், மெயின் மாநிலங்கள். தன் ஊரிலிருந்து இத்தனை ஆயிரம் கிலோமீட்டர் விலகி வந்த கழுகை, எத்தனை வருஷம் உங்கள் குளத்தில் காத்திருந்தாலும் பார்க்க முடியாது. கொட்டும் குளிரில் முன்பின் தெரியாதவர்களோடு தோள் உரச நின்று, “அதோ, அந்த மரத்தில்!” என்ற குரல் கேட்டு எல்லோரும் ஒரே திசையில் திரும்பும் அந்தச் சந்தோஷத்துக்கு ஈடு கிடையாது.

ஆனால் ஓடிப்போய்ப் பார்ப்பதில் கண்டுபிடிப்பு உங்களுடையதில்லை. பறவை இன்னதென்று முன்பே தெரியும், எந்தக் கிளை என்பதும் தெரியும். போய்ச் சேருவதற்குள் அது பறந்துபோயிருந்தால் அந்த நாளே வீண் என்று தோன்றிவிடும். இன்னொன்று என்னை நிஜமாகவே வருத்துகிறது. வழிதவறி வந்த பறவைகளில் பல நல்ல நிலையில் இருப்பதில்லை. மத்திய, தென் அமெரிக்காவின் வெப்பப் பகுதிகளுக்குரிய பெரிய கரும்பருந்து ஒன்று 2018-இல் மெயின் மாநிலம் வரை வந்துவிட்டது. போர்ட்லாந்து நகரப் பூங்காவில் அதைப் பார்க்கக் கூட்டம் கூடியது. 2019 ஜனவரியில் உறைபனியில் கால்கள் செத்துப்போய், அதைக் காப்பாற்ற முடியாமல் போனது. அங்கே போனவர்கள்மேல் குற்றமில்லை. அதைக் கொன்றது குளிர். ஆனால் உடல் சூட்டைக் காத்துக்கொள்ளப் பகல் முழுக்கத் தின்றே ஆகவேண்டிய ஒரு சின்னப் பறவையை, படத்துக்காக நாலு பேர் திரும்பத் திரும்பக் கிளப்பிவிட்டால் அது இராப்பொழுதைத் தாண்டுவதே சிரமம்.

சரி, குளம் என்ன தருகிறது? முதலில், எது வழக்கம் என்பதைக் கற்றுத்தருகிறது. வலசை வந்த புதிதில் ஊசிவால் வாத்தின் ஆணும் பெண்ணும் ஏறக்குறைய ஒரே மங்கல் பழுப்பு. வாரங்கள் போகப்போக ஆணுக்குப் புது இறகு முளைத்து, தலை சாக்லேட் நிறமாகி, கழுத்தில் வெள்ளைக் கோடு ஏறும். ஒரு நாள் பார்க்கிறவருக்கு இதில் ஒரு கட்டம்தான் கிடைக்கும். கூட்டம் முழுக்க ஒரே வீச்சில் எழும்பினால் தண்ணீரைப் பார்க்கக் கூடாது, வானத்தைப் பார்க்க வேண்டும், அங்கே ஒரு பூனைப்பருந்து இருக்கலாம் என்பதும் கரையில் நின்று நின்று வருகிற பழக்கம்தான். இந்தப் பழக்கம் ஊறியபிறகு, சேற்றில் மேயும் உள்ளான் கூட்டத்தில் ஒன்றின் அலகு மட்டும் கொஞ்சம் நீண்டு நுனியில் வளைந்திருப்பது தானாகவே கண்ணில் படும். யாரும் சொல்லாமல் அப்படிக் கண்டுகொண்ட ஒரு பறவை, சொல்லக் கேட்டுப் போய்ப் பார்த்த பத்துக்குச் சமம் என்பேன்.

சாதாரணப் பறவை என்று எதையும் ஒதுக்கவும் மனம் வராது. 2022-இல் ஒரு பட்டைவால் மூக்கன் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவுக்கு 13,560 கிலோமீட்டர் தரையிறங்காமல் 11 நாளில் பறந்ததைச் செயற்கைக்கோள் பதிவு செய்தது. பிறந்து ஐந்து மாதமே ஆன பறவை அது! பார்த்தால் சேற்றில் நிற்கும் பழுப்புப் பறவை, அவ்வளவுதான்.

கருவி விஷயத்தில் பெரிய வேறுபாடு இல்லை. 8x42 பைனாகுலர் (எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும், முன்கண்ணாடி 42 மி.மீ. அகலம்) இரண்டுக்கும் போதும். அகலமான நீர்ப்பரப்பு என்றால் முக்காலியில் வைக்கும் தொலைநோக்கி உதவும்.

பதிவுகளின் பயனிலும் குளமே முந்துகிறது. 1900-இல் 27 பேரோடு தொடங்கிய அமெரிக்கக் கிறிஸ்துமஸ் பறவைக் கணக்கெடுப்பும், 1987 முதல் ஜனவரிதோறும் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் ஆண்டுதோறும் அதே இடங்களுக்குத் திரும்பிப் போய் எண்ணுவதை நம்பியே நடக்கின்றன. ஓர் இனம் குறைகிறதா என்பது அப்படி எண்ணினால்தான் தெரியவரும்.

உங்கள் குளத்திலேயே ஓர் அபூர்வம் இறங்கிவிட்டால் என்ன செய்வது? நடுத்தண்ணீரில் மிதக்கும் வாத்து என்றால் தாராளமாக எல்லோருக்கும் சொல்லுங்கள், கரையிலிருந்தே பார்த்துக்கொள்வார்கள். பகலில் மரத்தில் உறங்கும் ஆந்தை என்றால் அது இடத்தைவிட்டுப் போகும்வரை வாய் திறக்காதீர்கள். எதுவானாலும் குறிப்பேட்டில் அதை மட்டும் எழுதி நிறுத்திவிடாமல், அன்று குளத்தில் இருந்த சாதாரண நாமக்கோழிகளையும் எண்ணி எழுதுங்கள்.