ஓட்டுப் போட்டா, ஆளுநர் நியமனமா?

இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஆணையரை கலிபோர்னியாவில் மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். 1988-இல் வாக்கெடுப்பில் வென்ற 103-ஆம் முன்மொழிவு தந்த உரிமை அது. முதல் தேர்தல் 1990-இல். டெக்சாஸில் மாநில மேலவையான செனட்டின் ஒப்புதலோடு ஆளுநர் 2 ஆண்டுக்கு ஒருவரை நியமிக்கிறார், அவ்வளவுதான்.

கலிபோர்னியாவில் கார், வீட்டு பிரீமியத்தை ஏற்ற ஆணையரின் முன் அனுமதி வேண்டும். ஏற்றம் 7 சதவீதத்தைத் தாண்டினால், பொதுமக்கள் தரப்பு உரிய நேரத்தில் கேட்டாலே விசாரணை நடத்தியாக வேண்டும். டெக்சாஸிலோ கட்டணத்தைத் தாக்கல் செய்துவிட்டு வசூலிக்கத் தொடங்கலாம்.

சரி, அப்போ ஓட்டுதான் மேலா? அடுத்த தேர்தலுக்குப் பயந்து பிரீமிய ஏற்றத்துக்கான கையெழுத்தை ஆணையர் தள்ளிப்போடலாமே. 2023-இல் ஸ்டேட் ஃபார்ம் என்ற இன்சூரன்ஸ் கம்பெனி கலிபோர்னியாவில் புதிய வீட்டு பாலிசியையே நிறுத்தியது. காட்டுத்தீ அபாயமும் கட்டுமானச் செலவும் காரணம் என்றது. பாலிசியே கிடைக்காத ஊரில் பிரீமியம் மலிவாக இருந்து என்ன பயன்? ஆனாலும் எனக்குத் தேர்தல்தான் பிடிக்கிறது. பிரீமிய ரசீதைக் காட்டிச் சண்டை போட அங்கே ஒருவராவது இருக்கிறார்.