பிரேக் பேட் சீக்கிரம் தேய்வது: கேலிப்பரா, ஓட்டும் முறையா?

முன்சக்கரங்களில் டிஸ்க் பிரேக் உள்ள சிறிய லாரியில் பேட்டுகள் அளவுக்கு மீறித் தேயும்போது, காரணம் கேலிப்பரா (பேட்டுகளைச் சுழலும் டிஸ்கின் மீது அழுத்திப் பிடிக்கும் பாகம்), ஓட்டும் முறையா என்பதைக் கழற்றிய பழைய பேட்டுகளே பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். அவற்றைப் பார்க்காமலே குப்பையில் எறிந்துவிட்டுப் புதியதை மாட்டுவது வீண்செலவு.

கேலிப்பர் பக்கவாட்டில் நகர்வதற்கான ஸ்லைடு பின் துருப்பிடித்து இறுகியிருந்தால், ஒரே சக்கரத்தில் உட்பக்கப் பேட் இரும்புத் தகடு தெரியுமளவுக்குத் தேய்ந்திருக்க, வெளிப்பக்கப் பேட்டில் பாதிக்கு மேல் மிச்சமிருக்கும். சில வண்டிகளில் பேட் ஆப்பு போலச் சரிந்தும் தேய்ந்திருக்கும். ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றினால், அந்தச் சக்கரம் மட்டும் உரசிக்கொண்டு கனமாகச் சுழலும். பின்னைக் கழற்றித் துடைத்து, வெப்பம் தாங்கும் பிரேக் கிரீஸ் தடவி, கிழிந்த ரப்பர் உறையை மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். பேட்டைத் தள்ளும் பிஸ்டனே இறுகியிருந்தால் வேலை கூடும்.

ஓட்டும் முறையால் வரும் தேய்மானம் வேறு வகை. 27 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட திம்பம் மலைப்பாதையில், உயர்ந்த கியரில் பிரேக்கை மிதித்தபடியே இறங்கும் வண்டியில் இடம், வலம் இரண்டிலும் பேட்டுகள் ஏறத்தாழ ஒரே அளவில் தேய்ந்து, டிஸ்கிலும் நீல நிறம் ஏறியிருக்கும். கூடுதல் பாரமும் இதே அடையாளத்தைத் தரக்கூடும் என்பதால், ஓட்டுநரைக் குறைசொல்லுமுன் எடைச் சீட்டைப் பார்ப்பதே நியாயம்.